அன்று வளையம், இன்று எண்

அறுத்த கோழியை ஆன்டிபயாடிக் கரைத்த குளிர்நீரில் முக்கி எடுத்து விற்ற காலம் ஒன்று உண்டு. ஒளித்து மறைத்து அல்ல. பெருமையாக விளம்பரம் செய்தே விற்றார்கள். 1955இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி தந்தது. அமெரிக்கன் சயனமிட் நிறுவனம் 'அக்ரனைஸ்' என்று பெயர் சூட்டிய அந்த முறையில் பயன்பட்ட மருந்து குளோர்டெட்ராசைக்ளின். கறி கெடாமல் கூடுதலாகச் சில நாள் தாங்கும் என்பதுதான் விற்பனைப் பேச்சு. பச்சைக் கறியில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரை மருந்து தங்கியிருக்கலாம் என்று அளவும் வைத்தார்கள். அடுப்பில் வேகும்போது அது அழிந்துவிடும் என்று நம்பினார்கள். சியாட்டில் நகரில் கோழி அறுக்கும் தொழிலாளர்களுக்கு உடம்பெல்லாம் கட்டி கிளம்பியது. அதைக் கவனித்த சுகாதாரத் துறை மருத்துவர் ரெய்மெர்ட் ரேவன்ஹோல்ட் இந்த முக்குநீரின் மேல் சந்தேகப்பட்டார். பத்தாண்டு ஓடிய பிறகு, 1960களின் நடுவில்தான் அனுமதி ரத்தானது.

இன்று அதே டெட்ராசைக்ளின் வகைக்குக் கோடெக்ஸ் என்னும் உலக உணவுத்தரக் குழு கோழியின் தசையில் அனுமதிக்கும் அளவு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் 100. அன்று அமெரிக்கா அனுமதித்த உச்ச அளவில் இது முப்பத்தைந்தில் ஒரு பங்கு, எழுபதில் ஒரு பங்கு. அன்றைய கோழி இன்றைய ஆய்வகத்துக்குப் போயிருந்தால் மொத்தச் சரக்கையும் குழி தோண்டிப் புதைக்கத்தான் சொல்லியிருப்பார்கள்.

இந்த மருந்தின் பிறப்பில் நம்ம ஊர்த் தொடர்பு ஒன்றும் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோதுதான், அங்கே பெஞ்சமின் டகர் என்ற தாவரவியலாளர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டெடுத்தார். அதுதான் குளோர்டெட்ராசைக்ளின். சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் காலமானார். அந்த ஆண்டு முடிவதற்குள் அதே லெடர்லியில் தாமஸ் ஜூக்ஸ் ஒரு சோதனையைத் தொடங்கியிருந்தார். மருந்து எடுத்தபின் மிஞ்சும் சக்கையில் பி12 வைட்டமின் இருக்கும் என்ற எண்ணத்தில் அதைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பருத்தன. அந்தக் கூடுதல் வேகம் வைட்டமினால் வந்ததல்ல, சக்கையில் ஒட்டியிருந்த மருந்துத் துணுக்கால் வந்தது என்று பிறகு தெரிந்தது. நோய்க்கு மருந்து என்பது போய், எடைக்கு மருந்து என்ற வழக்கம் அங்கிருந்து தொடங்கியது. ஆலைக்கழிவு தீவனமாகி, தீவனம் பணமாயிற்று. 1951இல் அமெரிக்கா, கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமலே தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்க்கலாம் என்றது. உலகம் பின்னாலேயே போனது.

கொங்குநாடு இந்தக் கதைக்குள் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. நாமக்கல் முட்டைக்கு, பல்லடம் கறிக்கு என்று இன்று சொல்கிறோம். மழை பொய்த்த மேட்டாங்காட்டில் விவசாயத்தை நம்பிப் பயனில்லை என்று கண்டவர்கள்தான் கொட்டகை போட்டார்கள். கறிக்கோழியில் 1990களில் ஒப்பந்த வளர்ப்பு வேர்விட்டது. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையவை. கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு பண்ணைக்காரருடையவை. நாற்பது நாள் சுமாரில் கோழி இரண்டு கிலோவைத் தொட்டதும் வண்டி வந்து பிடித்துக்கொண்டு போகும். பண்ணைக்காரர் கையில் கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி. அந்தத் தொடக்க ஆண்டுகளில் கோழிக்கு என்ன மருந்து போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கச் சட்டமும் இல்லை. 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் வேலை செய்த ஆய்வாளர்களின் கவலையெல்லாம் பாலில் தண்ணீர், மிளகாய்த்தூளில் செங்கல்பொடி. கோழிக்கறியில் யார் எதைக் கலக்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. வெளியிலிருந்து கலந்தால்தான் கலப்படம். உயிரோடு இருக்கும்போதே தண்ணீர்த் தொட்டி வழியாக உள்ளே போனதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

மேலைநாடுகளில் சோதனை அதற்கு முன்பே நடந்தது. அந்தப் பழைய சோதனையை விளக்குவதற்கு ஒரு கண்ணாடித் தட்டு போதும். அகார் என்ற பாசிக்கூழை ஊற்றி, அதில் கேடில்லாத ஒரு பாக்டீரியாவைக் கலந்து, உறைந்த கறியிலிருந்து சிறு வட்டத் துண்டு வெட்டி மேலே வைப்பார்கள். ராத்திரி முழுக்க இளஞ்சூட்டில் இருக்கும். காலையில் தட்டு முழுவதும் பாக்டீரியா படர்ந்து மங்கலாகத் தெரிந்தால் கறி சுத்தம். கறித்துண்டைச் சுற்றி மட்டும் தெளிவான வளையம் விழுந்திருந்தால், கறியிலிருந்து கசிந்த ஏதோ ஒன்று பாக்டீரியாவை வளரவிடவில்லை என்று பொருள். ஐரோப்பாவில் நான்கு தட்டுகளில் செய்தார்கள். மூன்று தட்டுகளில் அமிலத்தன்மை வேறு வேறு, நான்காவதில் பாக்டீரியாவே வேறு. ஒரு தட்டுக்குத் தப்பும் மருந்து இன்னொன்றில் அகப்படும். அமெரிக்க இறைச்சிக்கூடங்களில் 1979 முதல் பஞ்சு சுற்றிய குச்சியைச் சிறுநீரகத்தில் குத்தி எடுத்துத் தட்டில் வைத்தார்கள். பிறகு சின்னக் குப்பிகள் வந்தன: கறிச்சாற்றை விட்டு 64 டிகிரி சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் வைத்தால், மருந்து இல்லாவிட்டால் ஊதா மஞ்சளாகும், இருந்தால் ஊதா ஊதாவாகவே நிற்கும்.

இந்தப் பழைய முறையை இன்று ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாக்டீரியாவிடம் மருந்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. தன்னைக் கொல்கிற எதுவாக இருந்தாலும் அது வளையம் போட்டுக் காட்டிவிடும், நேற்றுச் சந்தைக்கு வந்த புது மருந்தாக இருந்தாலும்கூட. இன்றைய ஆய்வக இயந்திரத்துக்கு இந்தக் குணம் கிடையாது. அதனிடம் பட்டியல் கொடுத்தால் பட்டியலில் உள்ளதைத் தேடும்; பட்டியலில் இல்லாதது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் கண்டுகொள்ளாது. ஆனால் தட்டுக்கும் குறைகள் இருந்தன. சிறுநீரகத்தில் இயற்கையாகவே இருக்கும் லைசோசைம் போன்ற பொருள்களும் வளையம் போடும். மருந்தே காணாத கோழி மாட்டிக்கொள்ளும். எந்த மருந்து, எவ்வளவு என்று தட்டு சொல்லாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மிகக் குறைந்த அளவுகள் அதன் கண்ணில் படாது. அந்தக் குறை எத்தனை பெரிது என்று 2002இல்தான் உலகத்துக்கு உறைத்தது.

நைட்ரோஃபுரான் என்பது மலிவான ஒரு மருந்துக் குடும்பம். புற்றுநோய் ஆபத்துக் கருதி ஐரோப்பா 1990களின் நடுவில் உணவு தரும் விலங்குகளுக்கு அதை முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. தடை செய்த பிறகு சோதனைகளில் ஒன்றும் தென்படாததால் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். தென்படாததற்குக் காரணம் வேறு. கோழியின் உடம்பில் அந்த மருந்து சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். சிதைந்த துண்டுகளோ தசையின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். மருந்தைத் தேடினால் கிடைக்காது. அது விட்டுச்சென்ற துண்டைத் தேட வேண்டும். கறியை அமிலத்தில் போட்டு, துண்டைப் பிடிக்கும் ஒரு வேதிப்பொருளையும் சேர்த்து, ராத்திரி முழுக்க 37 டிகிரியில் வைத்துப் புரதத்திலிருந்து கழற்றி எடுக்கும் முறையை ஐரோப்பிய ஆய்வாளர்கள் வகுத்தார்கள். அந்த முறையைக் கையில் எடுத்ததுமே தாய்லாந்துக் கோழியிலும் பிரேசில் கோழியிலும், ஆசிய இறாலிலும் வரிசையாகப் பிடிபட்டது. கோழி அதற்கு முன்பும் அதேதான் தின்றிருந்தது. மாறியது தேடும் கண்.

அந்தக் கண்ணின் பெயர் எல்.சி.எம்.எஸ்.எம்.எஸ். இரண்டு கிராம் கறியை அரைத்து, அளவு தெரிந்த ஓர் ஒப்பீட்டுப் பொருளைச் சேர்ப்பார்கள். டெட்ராசைக்ளின் கால்சியம் போன்ற உலோகங்களோடு கட்டிப்பிடித்துக்கொள்ளும் குணம் உடையது. அதைப் பிரிக்க ஈ.டி.டி.ஏ. கரைசல். பிறகு அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்கினால் புரதம் திரிந்து அடியில் தங்கும். கொழுப்பைக் கழிக்க ஹெக்சேன். சுழற்றி, வடித்து, நைட்ரஜன் ஊதிச் சுண்டவைத்து, மிஞ்சும் சில துளியை இயந்திரத்தில் ஏற்றுவார்கள். உள்ளே ஒரு குழாயில் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து வரும். முதல் வாசலில் எடை பார்ப்பார்கள். எடை பொருந்தியதை மோதி உடைத்து, உடைந்த துண்டுகளை இரண்டாம் வாசலில் மறுபடியும் எடை பார்ப்பார்கள். என்ரோஃப்ளாக்சசின் என்றால் 360 எடையில் நுழைந்து 342, 316 என்று உடையும். எடை, உடையும் துண்டுகள், துண்டுகளின் விகிதம், குழாயில் வெளிவரும் நேரம் நான்கும் பொருந்தினால்தான் பெயர் எழுதுவார்கள். கோழியின் உடம்பு என்ரோஃப்ளாக்சசினில் ஒரு பகுதியை சிப்ரோஃப்ளாக்சசினாக மாற்றிவிடும். நாம் மருந்துக்கடையில் வாங்கும் அதே சிப்ரோ. அதனால் இரண்டையும் கூட்டித்தான் அளவு பார்க்க வேண்டும்; ஐரோப்பிய வரம்பு தசையில் இரண்டும் சேர்ந்து 100 மைக்ரோகிராம், ஈரலில் 200. கறியைவிட ஈரலில் பொதுவாகக் கூடுதலாகத் தங்கும் என்பதை, ஈரலைக் கேட்டு வாங்கிக் குழந்தைக்கு ஊட்டும் வீடுகள் நினைவில் வைக்கலாம்.

இந்த இயந்திரம் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராமைச் சாதாரணமாகப் பார்க்கும். பத்து டன் லாரி நூறு நிறைய கோழிக்கறி ஏற்றி, அத்தனையிலும் சேர்த்து ஒரு கிராம் மருந்து என்றால் அதுதான் அந்த அளவு. இங்கேதான் ஒரு புதுச் சிக்கல். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபுரான் போன்றவற்றுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது, துளியும் கூடாது என்பது சட்டம். துளியும் இல்லை என்பதை யார் சொல்வது? இயந்திரம். அதன் பார்வை எங்கே முடிகிறதோ அங்கேதான் பூஜ்யம் தொடங்குகிறது. ஐரோப்பா நைட்ரோஃபுரானுக்கு வைத்திருந்த ஒரு மைக்ரோகிராம் எல்லை 2022இல் அரையானது. குளோராம்ஃபெனிகாலுக்கு 0.3 இருந்தது 0.15 ஆயிற்று. கோழி ஒன்றும் திடீரென்று கெட்டுப்போகவில்லை. இயந்திரம் நல்ல இயந்திரமாகிவிட்டது. அண்மைக்காலக் கண்டுபிடிப்புச் செய்திகள் பலவற்றைப் படித்துப் பதறுகிறவர்கள் எந்த மருந்து என்பதோடு எத்தனை மைக்ரோகிராம் என்பதையும் சேர்த்துக் கேட்டால் பாதிப் பதற்றம் குறையும். மீதிப் பாதி நியாயமானது.

இந்தியாவில் இந்தச் சோதனை முதலில் யாருக்காக வந்தது என்பதைப் பார்த்தால் கொஞ்சம் கசக்கும். ஈரோடு, நாமக்கல் பக்கத்து ஆலைகள் முட்டையைத் தூளாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகின்றன. ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமென்றால் ஆண்டுதோறும் மருந்து எச்சக் கண்காணிப்புத் திட்டம் போட வேண்டும். ஏற்றுமதி ஆய்வுக் குழு மாதிரி எடுத்துச் சோதித்துக் கணக்குக் காட்ட வேண்டும். அதனால் அந்தத் தூள் மூட்டைக்குப் பின்னால் எந்தப் பண்ணை, எந்த நாள், என்ன தீவனம் என்ற வரலாறு எழுதப்பட்டிருக்கும். பக்கத்து ஊர்ச் சந்தைக்கு உயிரோடு போகும் கோழிக்கு அந்த வரலாறு கிடையாது. 2014இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்து, 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் இருப்பதாக அறிவித்தது. தேடியவை டெட்ராசைக்ளின் வகைகள், என்ரோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், நியோமைசின் என ஆறு மருந்துகள். கோழித் தொழில்துறை கொதித்தது. அளவு கூடவா குறைவா என்ற வாதத்துக்கே வழியில்லாமல் இருந்ததுதான் வேடிக்கை. மீனுக்கும் இறாலுக்கும் வரம்பு வைத்திருந்த நாட்டில் கோழிக்கறிக்கு ஆன்டிபயாடிக் வரம்பு எதுவும் அன்று எழுதப்படவில்லை. கடல் உணவு கப்பலேறும். கோழி நம் வயிற்றுக்குத்தானே போகிறது.

பிறகு கொஞ்சம் வேகம் பிறந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் கறி, முட்டை, பால் எல்லாவற்றுக்கும் வரம்புகளை அறிவித்து 2019 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் இன்னும் கடுமையாக்கப்பட்ட பட்டியல் அமலானது. ஆய்வகங்களும் பெருகின. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைச் சோதிக்கும் ஆய்வகம் இருக்கிறது. மாதவரத்தில் தீவனத்திலும் உணவிலும் மருந்து எச்சத்தைக் கண்காணிக்கத் தனி ஆய்வகம் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் சில, ஆன்டிபயாடிக் இல்லாத கோழி என்று அட்டையில் அச்சிட்டு விலை கூட்டி விற்கின்றன. 1955இல் மருந்து இருப்பது விளம்பரம், இன்று இல்லாதது விளம்பரம்.

ஆனால் பண்ணைக் கொட்டகையில் உள்ள கணக்கு சட்டப் புத்தகத்தில் உள்ளதைவிடச் சிக்கலானது. மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் கழித்துக் கோழியை அறுக்கலாம் என்பது மருந்துச் சீட்டில் இருக்க வேண்டும் என்றும், அப்படிக் குறிப்பிடாத மருந்தானால் கோழிக்கறிக்குக் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும் என்றும் 2012இல் மருந்து விதிகளைத் திருத்தினார்கள். நல்ல விதிதான். கோழியின் ஆயுளே நாற்பது நாள். இருபத்தெட்டைக் கழித்தால் மிச்சம் பன்னிரண்டு. கோழிக்குச் சளியும் இருமலும் வந்து கொட்டகையே கொரகொரவென்று கேட்பது பெரும்பாலும் நாலாவது, ஐந்தாவது வாரத்தில். அப்போது சூப்பர்வைசருக்கு போன் போகும். "சார், நாலஞ்சு சாவு விழுது, என்னங்க பண்றது?" மருந்து தொட்டிக்குப் போகும். காத்திருக்கும் காலம் ஒரு வாரமே உள்ள மருந்தாக இருந்தாலும், அந்த ஒரு வாரத்தைக் காப்பாற்றுவது பண்ணைக்காரர் கையில் மட்டும் இல்லை. கறிக்கோழியின் பண்ணை விலை பல்லடத்தில் அறிவிக்கப்படுகிறது. விலை ஏறும் வாரத்தில் கோழியை இரண்டு நாள் முன்னதாகப் பிடிக்கலாம் என்ற ஆசை எவருக்கும் வரும். விலை சரிந்தால் கோழி கொட்டகையிலேயே நிற்கும். எடை கூடக் கூட வெப்பத்தில் சாவும் கூடும், மறுபடியும் மருந்து. கறியில் கடைசியாகத் தங்கும் மைக்ரோகிராம்களை மருந்தின் குணம் பாதி தீர்மானித்தால், அந்த வார விலை மீதிப் பாதியைத் தீர்மானிக்கிறது. இதை எந்த இயந்திரமும் அளப்பதில்லை.

இயந்திரம் அளக்காத இன்னொன்றும் உண்டு. கோலிஸ்டின். வேறு எதற்கும் கட்டுப்படாத கிருமி தாக்கிய நோயாளிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாக எடுக்கும் மருந்து. அதையே கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்துகொண்டிருந்தோம். கோலிஸ்டின் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறுவது மிகவும் குறைவு. குடலுக்குள்ளேயே வேலை செய்துவிட்டு சாணத்தோடு வெளியேறிவிடும். ஆகவே கறியைச் சோதித்தால் பெரும்பாலும் சுத்தம் என்றே வரும். ஆனால் குடலில் வாழும் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிக்கொள்கின்றன. அப்படித் தாங்கும் திறனை ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குக் கைமாற்றும் எம்.சி.ஆர்-1 மரபணு, 2015 கடைசியில் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டது. பன்றியிலும் கறியிலும் மனிதரிடத்திலும் அது இருந்தது. 2019 ஜூலையில் இந்தியா உணவுக்கான விலங்குகளுக்கு கோலிஸ்டினைத் தடை செய்தது. எச்சச் சோதனை எவ்வளவு கூர்மையாக இருந்திருந்தாலும் அந்த ஆபத்தை அது முன்கூட்டிச் சொல்லியிருக்காது. எச்சம் என்பது தின்கிறவரின் வயிற்றைப் பற்றிய கேள்வி. கிருமியின் எதிர்ப்பு கோழிச்சாணம் போகும் வயல், ஓடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் பற்றிய கேள்வி. ஆன்டிபயாடிக் இல்லை என்ற சான்றிதழைக் காட்டி, இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, முதல் கேள்விக்காவது தெருமுனைக் கடையில் பதில் கிடைக்குமா? கூண்டில் கோழி நிற்கிறது. நாம் கை காட்டுவதை எடுத்து அறுத்துத் தருகிறார்கள். "இதுல மருந்து கிருந்து ஏதும் இருக்குங்களா அண்ணா?" என்று கேட்டால், "காலையிலதான் வண்டி வந்துச்சு, எல்லாம் ஃப்ரெஷ்ஷுங்க" என்பார். பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தக் கூண்டில் எந்தெந்தப் பண்ணைக் கோழி என்பது அவருக்கு ஏற்றி வந்த வியாபாரியைக் கேட்டால்கூட முழுதாகக் கிடைக்காது.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒரு நாள் அந்தக் கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி மாதிரியை நான்கு பாகமாகப் பிரிக்க வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு நியமன அலுவலரின் பாதுகாப்பில். கடைக்காரர் கேட்டால் நான்காவது, அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு. பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். ஒரு மாதிரியை இந்த இயந்திரத்தில் முழுப் பட்டியலுக்கும் ஓட்ட ஆகும் செலவு, அந்தக் கோழியின் விலையைப் போலப் பல மடங்கு. அறிக்கை வரும்போது கறி குழம்பாகி எத்தனையோ நாள் ஆகியிருக்கும். கூண்டும் பல லோடு மாறியிருக்கும். வரம்பு மீறியிருந்தால் வழக்கு கடைக்காரர்மேல்தான் முதலில் பாயும், மருந்துத் தொட்டியை அவர் கண்ணால் பார்த்ததில்லை என்றாலும். அதற்குள் அந்தக் கோழி வளர்ந்த கொட்டகையில் பழைய படுக்கைக் கூளத்தை வாரி, சுண்ணாம்பு அடித்து, அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கியிருப்பார்கள்.